பொதுக் களஞ்சியமும் அதன் உழைப்பாளரும்: டெபியன் பற்றி ஒரு மதிப்பீடு

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை மதிப்பிட விரும்புவோர் அதன் காவியங்களையும் ஓவியங்களையும் மாத்திரம் நோக்கினாற் போதாது. அச்சமுதாயத்து மக்கள் தமது உழைப்பை எவ்வாறு ஒழுங்கு செய்தனர், அவ்வுழைப்பின் பயனை எவ்வாறு பங்கிட்டனர் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். இக்கூற்றை ஏற்கும் வாசகர், இலக்கியமும் சமுதாயமும் பேசப்படும் பக்கங்களிலே கணினி மென்பொருள் பற்றிய கட்டுரையொன்று இடம்பெறுவது கண்டு வியப்படையார். கணினியை இயக்கும் நிரலும் மனிதர் எழுதும் எழுத்தே. அதற்கும் ஆசிரியர் உண்டு, பதிப்பாளர் உண்டு, பிழை திருத்துவோர் உண்டு, அதனைத் தம் தனியுடைமையாக்க முனையும் வணிகரும் உண்டு.

அவ்வெழுத்தைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, உலகத்தார் அனைவருக்கும் விலையின்றி வழங்கிவரும் முயற்சிகளுள் தலையாயது டெபியன் என்னும் கூட்டு முயற்சி. 1993இல் தொடங்கிய இக்களஞ்சியம் இன்றுவரை எந்தக் கொம்பனிக்கும் சொந்தமானதன்று. இதனைக் குறித்து இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. வசதி படைத்த சில இளைஞரின் பொழுதுபோக்கே இஃது என்பர் ஒரு சாரார். முதலாளித்துவத்தின் நடுவே முளைத்துவிட்ட பொன்னுலகம் இஃது என்பர் மற்றொரு சாரார். முதற் சாரார் அதன் சாதனையைக் காணவில்லை. இரண்டாஞ் சாரார் அதன் முரண்பாட்டைக் காணவில்லை. சாதனை, முரண்பாடு ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இதன் தொழிற்பாட்டைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று. எந்த மென்பொருளும் தனித்து இயங்குவதில்லை. படம் வரையும் நிரலுக்கு எழுத்துக்களைத் திரையிற் காட்டும் நிரல் வேண்டும். அதற்குக் கோப்புக்களைச் சுருக்கி விரிக்கும் நிரல் வேண்டும். அதன் அடியில் வேறொன்று வேண்டும். இவற்றை எழுதியோர் வெவ்வேறு நாடுகளில் வாழ்பவர். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர். ஒன்றன் புதிய பதிப்பு மற்றொன்றன் பழைய பதிப்போடு ஒத்துப்போகாமையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு நிரலையும் அதன் பெயர், பதிப்பு எண், அது சார்ந்துநிற்கும் பிற நிரல்களின் பட்டியல் ஆகியவற்றுடன் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டுவர். இதுவே பொதி எனப்படும். பயன்படுத்துவோர் ஒரு பொதியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தே, அது வேண்டி நிற்கும் ஏனைய பொதிகள் யாவை எனக் கணக்கிட்டு, அவற்றையெல்லாம் களஞ்சியத்திலிருந்து தருவித்து, முறைப்படி நிறுவுவது பொதி முகாமைக் கருவியின் பணி. டெபியனில் இதனை டி.பி.கே.ஜி., ஏ.பி.ரி. என்னும் இரு கருவிகள் செய்கின்றன. முன்னது 1994இல் உருப்பெற்றது. பின்னது 1999 மார்ச்சில் வெளியான 2.1ஆம் பதிப்பில் முதன்முதலாக இடம்பெற்றது.

கருவி செய்வது கணக்கு மாத்திரமே. அக்கணக்குப் பிழையாமல் இருப்பதற்குக் காரணம் அதன் பின்னே நிற்கும் மனிதர்களின் இணக்கம். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர், அல்லது ஒரு குழு, பொறுப்பாக உண்டு. மூல ஆசிரியர் எழுதிய நிரலைப் படித்து, அதன் உரிமத்தை ஆராய்ந்து, கோப்புக்கள் எங்கெங்கு அமையவேண்டும் என வகுக்கும் பொதுவான கொள்கை நூலுக்கேற்பத் திருத்தி, வழுக்களைப் பற்றி வரும் முறைப்பாடுகளுக்கு விடையளித்து, தம் கையொப்பத்தோடு களஞ்சியத்திற் சேர்ப்பவர் அவரே. பண்டை ஏடுகளைத் திரட்டிப் பாடபேதம் நோக்கிப் பதிப்பித்த அறிஞரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். பதிப்பாசிரியர் பெயராவது நூலின் முகப்பில் நிற்கும். பொதியைப் பயன்படுத்துவோருள் பெரும்பாலார் பராமரிப்பாளரின் பெயரை ஒருபோதும் அறியார்.

இம்முயற்சியைத் தொடக்கியவர் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவராயிருந்த இயன் மேர்டொக். 1993 ஓகஸ்ட் 16ஆந் தேதி அவர் தமது எண்ணத்தை வெளியிட்டார். லினக்ஸ் கருநிரல் தோன்றி இரண்டாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அதனைப் பிற நிரல்களுடன் தொகுத்து வழங்கியோர் சிலர் இருந்தனராயினும், அத்தொகுப்புக்கள் வழு மலிந்தவையாயும் கவனிப்பாரற்றவையாயும் இருந்தன. தொகுத்தல் என்பது ஒருவர் தனியே செய்து முடிக்கத்தக்க காரியமன்று. பலர் வெளிப்படையாகக் கூடிச் செய்யவேண்டிய காரியம் என்பதே மேர்டொக்கின் கருத்து. ஒவ்வொரு பொதியையும் ஒவ்வொருவர் பொறுப்பேற்கலாம் என்ற எளிய ஏற்பாடு அக்கருத்துக்குச் செயலுருவம் அளித்தது. பொதி என்பது இங்கே தொழில்நுட்ப அலகாக இருப்பதோடு உழைப்புப் பிரிவினையின் அலகாகவும் அமைந்துவிட்டது. டெபியனின் வளர்ச்சி முழுவதற்கும் அடிப்படை இதுவே.

அவ்வளர்ச்சியை எண்களிற் காணலாம். 1996 யூனில் வெளிவந்த 1.1ஆம் பதிப்பிலே 474 பொதிகள் இருந்தன. 1998 யூலையில் அவை 1,500ஐத் தாண்டின. 2025 ஓகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பிலோ 69,830 பொதிகள் உள்ளன. வாக்குரிமை பெற்ற உறுப்பினர் ஆயிரவர் அளவினரே. அவர்களைச் சூழ மொழிபெயர்ப்போர், வழுக்களை அறிவிப்போர், ஆவணம் எழுதுவோர் எனப் பெருந்தொகையினர் உளர். ஸ்பெயினின் வறிய மாகாணங்களுள் ஒன்றான எஸ்திரமதுராவின் அரசு, 2002இல் டெபியனை அடியாகக் கொண்டு தன் பாடசாலைகளுக்கென ஒரு தொகுப்பை உருவாக்கியது. 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் மடிக்கணினிகள் சிலவற்றுக்கும் டெபியன் தெரிந்தெடுக்கப்பட்டது. இலாபம் தராதென வணிகர் புறக்கணிக்கும் மொழிகளும் இக்களஞ்சியத்தில் இடம்பெறுகின்றன. தமிழ் எழுத்துருக்கள் அங்கே பொதிகளாய் உள்ளன. நிறுவும் போது தமிழில் உரையாடவும் அது வல்லது.

எனினும் எண்ணிக்கை கொண்டு மாத்திரம் வளர்ச்சியை அளப்பது வணிகர் முறை. டெபியனுக்கு நிலைபேற்றை அளித்தவை இரண்டு பிரமாணங்கள். ஒன்று, 1997 யூலையில் ஏற்கப்பட்ட சமுதாய உடன்படிக்கை. மற்றையது, 1998 டிசெம்பரில் ஏற்கப்பட்ட யாப்பு. இவை இரண்டும் இலக்கிய விமர்சகன் தன் கருவிகளைக் கொண்டே ஆராயத்தக்க நூல்கள்.

உடன்படிக்கை மிகச் சிறியது. ஐந்தே உறுப்புக்கள் கொண்டது. டெபியன் முற்றிலும் சுதந்திர மென்பொருளாகவே இருக்கும் என்பது முதலாவது. தான் ஆக்கியதைச் சுதந்திர மென்பொருட் சமூகத்துக்குத் திருப்பி அளிக்கும் என்பது இரண்டாவது. குறைகளை மறைக்காது என்பது மூன்றாவது. பயன்படுத்துவோரின் நலனும் சுதந்திர மென்பொருளுமே தன் முதன்மை நோக்கங்கள் என்பது நான்காவது. அவ்வளவைக்கு உட்படாத ஆக்கங்களைத் தனியிடத்தில் ஒதுக்கி வைக்கும் என்பது ஐந்தாவது. எது சுதந்திரம் என்பதற்கு வரைவிலக்கணமும் உடன் இணைக்கப்பட்டது. எவரும் நிரலைப் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மனிதரிடையேயும் தொழில்களிடையேயும் உரிமம் வேற்றுமை காட்டலாகாது. டெபியனுக்கு மாத்திரம் என ஒரு சலுகையைப் பெற்றுக்கொள்ளலும் ஆகாது. இக்கடைசி விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. தனக்குக் கிடைத்த உரிமை பிறர்க்கும் கிடைக்காதாயின் அவ்வுரிமை தனக்கும் வேண்டாம் என ஒரு நிறுவனம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வது அரிய காட்சி.

யாப்போ ஆட்சி முறையை வகுப்பது. ஆண்டுதோறும் தலைவரை உறுப்பினர் வாக்களித்துத் தெரிவர். தலைவரின் முடிவையும் பொதுத் தீர்மானத்தால் மாற்றலாம். தொழில்நுட்பப் பிணக்குகளைத் தீர்க்க ஒரு குழு உண்டு. எவரும் எந்த வேலையையும் செய்யக் கடமைப்பட்டவரல்லர் என்ற விதியே இதன் உயிர்நாடி. விரும்பாத பணியை ஒருவர் மறுக்கலாம். முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராகச் செயற்படுதல் மாத்திரமே தகாது. கட்டளையிடும் அதிகாரம் இல்லாத இடத்திலே ஒழுங்கு எவ்வாறு நிலவும் என வினவுவோர்க்கு டெபியனின் வரலாறு ஓரளவு விடை தருகிறது. பிணக்குகள் குறைவின்றி நிகழ்ந்தன. 2014 பெப்ரவரியில் கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் எது என்ற வினாவிலே தொழில்நுட்பக் குழு இரு சமபாதியாகப் பிரிந்து, தவிசாளரின் வாக்கே முடிவு செய்தது. ஏற்காதோர் சிலர் பிரிந்து சென்று தனியே ஒரு தொகுப்பைத் தொடங்கினர். பிரிந்து சென்றோர் வெறுங்கையராய்ச் செல்லவில்லை. களஞ்சியம் முழுவதையும் உரிமையோடு உடன் எடுத்துச் சென்றனர். பொதுவுடைமையின் பொருள் இதுவாகும்.

இதன் அருமையை உணர வேறொரு களஞ்சியத்தின் கதையை ஒப்புநோக்கலாம். இணையத்தளங்களை ஆக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கெனத் தோன்றிய என்.பி.எம். களஞ்சியத்தை நிரப்பியவர்களும் தனித்தனித் தொண்டர்களே. அவர்களின் ஆக்கங்கள் பொதுவாக வழங்கப்பட்டனவேனும், களஞ்சியம் 2014இல் அமைந்த ஒரு தனியார் கொம்பனியின் உடைமையாக இருந்தது. 2016 மார்ச்சில் ஒரு பொதியின் பெயர் குறித்து வணிக நிறுவனம் ஒன்று உரிமை கோரியது. கொம்பனி அப்பெயரைப் பொதியின் ஆசிரியரிடமிருந்து எடுத்து அந்நிறுவனத்துக்கு அளிக்கவே, அவர் சினங்கொண்டு தம் பொதிகள் யாவற்றையும் நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று 11 வரிகளே கொண்டது. சொல்லொன்றின் இடப்பக்கத்தே வெற்றிடம் நிரப்புவது. அப்பதினொரு வரிகள் இல்லாமையால் உலகெங்கும் எண்ணற்ற மென்பொருட் பணிகள் தடைப்பட்டன. ஆசிரியரின் சம்மதமின்றியே அப்பொதி மீள வைக்கப்பட்டது. 2020இல் அக்கொம்பனி மைக்ரோசொப்ற்றின் கிளையான கிற்ஹப்பின் உடைமையாயிற்று. பலர் உழைப்பாற் பெருகிய களஞ்சியத்தின் விற்பனை குறித்து அவ்வுழைப்பாளர் எவருக்கும் வாக்கில்லை. டெபியனின் பணத்தையும் பெயருரிமையையும் இலாப நோக்கற்ற ஒரு சங்கமே பொறுப்பாளராய் வைத்திருக்கிறது. அதனை விற்பதற்கு வழியில்லை.

குறைகளை மறைக்கோம் என்ற வாக்குறுதியும் வெறுஞ்சொல்லாய்ப் போகவில்லை. 2006இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர், இரகசியத் திறவுகோல்களை ஆக்கும் நிரலொன்றிலே வழுவெனத் தோன்றிய வரிகளை நீக்கினார். அதன் விளைவாக, எவரும் ஊகிக்கவியலாதிருக்க வேண்டிய திறவுகோல்கள் எளிதில் எண்ணி முடிக்கத்தக்க சில பதினாயிரங்களுள் அடங்கிப்போயின. ஏறத்தாழ இரண்டாண்டுகள் எவரும் இதனைக் காணவில்லை. 2008 மே மாதத்திற் கண்டறியப்பட்டதும் டெபியன் தன் பெயராலேயே இப்பிழையை உலகுக்கு அறிவித்தது. நல்லெண்ணம் மாத்திரம் பிழையைத் தடுத்துவிடாது என்பது இந்நிகழ்ச்சியின் பாடம். எனினும் பிழையை ஒப்புக்கொள்வதால் இழப்பதற்குப் பங்குச் சந்தை விலை எதுவும் இல்லாத ஓர் அமைப்பு உண்மையை எளிதிற் பேசமுடிந்தது.

இதுவரை கூறியவை சாதனைகள். இனி உடன்படிக்கை மௌனம் சாதிக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு நூல் கூறுவதைப் போலவே கூறாமல் விடுவதும் அதன் வர்க்கச் சார்பை உணர்த்தும் என்பது விமர்சகர் அறிந்த உண்மை. டெபியனின் உடன்படிக்கை நிரலின் சுதந்திரத்தைப் பேசுகிறது. பயன்படுத்துவோரின் நலனைப் பேசுகிறது. அந்நிரலைப் பொதியாக்கும் மனிதரின் சோற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. யாப்பு அவருக்கு வேலையை மறுக்கும் உரிமையை அளிக்கிறது. வேலையைத் தொடர்ந்து செய்வதற்கான வாழ்வை அளிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

இம்மௌனம் ஒருமுறை வெளிப்படையாக உடைந்தது. 2006இல் அப்போதைய தலைவரும் வேறு சிலரும், பதிப்பு குறித்த காலத்தில் வெளிவருவதற்காக வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவருக்குச் சில காலம் ஊதியம் வழங்க வெளியே நிதி திரட்டினர். உறுப்பினரிடையே பெருங்கொந்தளிப்பு எழுந்தது. ஒருவருக்கு ஊதியம், அருகிலிருப்பவருக்கு இல்லை என்ற நிலை தொண்டின் சமத்துவத்தைக் குலைக்கும் என்றனர் எதிர்த்தோர். சிலர் தம் பணியைத் தளர்த்தினர். தலைவரைப் பதவி நீக்கும் தீர்மானமும் வாக்குக்கு வந்து தோற்றது. டிசெம்பரில் எதிர்பார்க்கப்பட்ட பதிப்பு 2007 ஏப்ரலிலேயே வெளிவந்தது. எதிர்த்தோரின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. பணம் கொடுப்பவன் நாளடைவில் கட்டளையும் கொடுப்பான் என்பது உலகறிந்த செய்தி. ஆயினும் அவர்களின் வாதத்திலே ஒரு குறை உண்டு. ஊதியம் எவருக்கும் இல்லை என்பது எல்லோரையும் சமமாக்குவதில்லை. மாலையில் ஓய்வுள்ளவனையும் இரண்டாம் வேலைக்கு ஓடவேண்டியவனையும் அது ஒரே தராசில் நிறுத்துகிறது.

இவ்வுண்மையை டெபியனின் உறுப்பினர் பரம்பலே காட்டுகிறது. அவர்களுட் பெரும்பாலார் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தோர். பெண்களின் தொகை மிகக் குறைவு. இதனைத் திருத்தும் நோக்கோடு 2004இல் தனிக் குழுவொன்றே அமைக்கப்பட வேண்டியிருந்தது. புதிதாக ஒருவர் உறுப்பினராவதற்கு ஏற்கெனவே உறுப்பினராயுள்ளவர் அவரது மின்னணுத் திறவுகோலுக்குச் சான்று அளிக்கவேண்டும் என்பது வழக்கம். அதற்கு நேரிற் சந்திப்பதே நெடுங்கால முறையாக இருந்தது. பேர்லினிலும் பாரிசிலும் இஃது ஒரு மாலைப்பொழுதின் வேலை. உறுப்பினர் அருகிய நாடுகளில் அதற்குப் பயணச் செலவு வேண்டும். ஆண்டு மாநாடு 2023இல் கேரளத்தின் கொச்சியில் நடைபெற்றமை நல்ல அறிகுறியே. எனினும் வாயில் திறந்திருப்பதும் எல்லோரும் உள்ளே வரமுடிவதும் ஒன்றல்ல.

இங்கே தொண்டின் மேன்மையைக் குறைத்துப் பேசுவது நமது கருத்தன்று. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த 2.2ஆம் பதிப்பு ஜோயல் கிளெக்கர் என்ற இளைஞரின் நினைவுக்குப் படைக்கப்பட்டது. தசைகள் நலிந்து அழியும் கொடிய நோயினால் 21 வயதில் மறைந்தவர் அவர். தம் பணிக் காலத்தின் பெரும்பகுதியைப் படுக்கையிலே கழித்தவர்; உடன் உழைத்தோருட் பெரும்பாலார் அதனை அறிந்திருக்கவில்லை. அவர்கள் அறிந்தது அவரது வேலையின் தரத்தை மாத்திரமே. ஒரு மனிதனை அவன் உடல் நிலை கொண்டன்றி ஆக்கத் திறன் கொண்டு மதிக்கும் சமூகத்திலேயே இவ்வாறு நிகழமுடியும். உழைப்பு வாழ்வின் சுமையாகாமல் வாழ்வின் நிறைவாக மாறும் தருணங்கள் இத்தகையவை. இத்தகைய தருணங்களை எல்லோருக்கும் உரியவையாக்குவது எங்ஙனம் என்பதே வினா.

அவ்வினாவை அலட்சியம் செய்வதன் விளைவை 2024ஆம் ஆண்டு உலகு கண்டது. கோப்புக்களைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற சிறு நிரற்றொகுதி டெபியன் உட்படப் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புக்களின் அடித்தளத்தில் உள்ளது. அதனை நெடுங்காலம் பேணிவந்தவர் ஒருவரே. ஊதியமின்றி, உளச்சோர்வோடு போராடியவாறு பேணியவர். 2021 தொடக்கம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். வேறு சில பெயர்களில் வந்தோர், வேலை தாமதமாகிறது, பொறுப்பைப் பிறருக்குக் கொடுக்கவேண்டும் என அப்பராமரிப்பாளரை ஓயாது நெருக்கினர். காலப்போக்கில் வந்தவர் நம்பிக்கை பெற்றார். வெளியிடும் அதிகாரமும் பெற்றார். 2024 பெப்ரவரியில் வெளிவந்த பதிப்பிலே, அந்நியர் கணினிக்குள் நுழைவதற்கான இரகசிய வழியொன்றை மறைத்து வைத்தார்.

அது டெபியனின் சோதனைப் பிரிவுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. நிலைபெற்ற பதிப்பை அது எட்டுவதற்குமுன், மார்ச் 29ஆந் தேதி, அன்ட்ரெஸ் பிரெயின்ட் என்ற நிரலாளர் அதனை உலகுக்கு வெளிப்படுத்தினார். சோதனைப் பிரிவைப் பயன்படுத்திய அவரது கணினியிலே, உட்புகும் வேளையில் அரை நொடி தாமதம் ஏற்பட்டதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்ததன் பயன் அது. மூலநிரல் எவர்க்கும் திறந்திருந்தமையாலேயே அவரால் அதனை ஆராய முடிந்தது. புதியன யாவும் பல படிகள் கடந்தே நிலைபெறவேண்டும் என்ற நிதானமான ஒழுங்கே பெருந்தீங்கைத் தடுத்தது. இவை பொதுவுடைமையின் வெற்றிகள். ஆனால் எதிரி நுழைந்த வாயில் நிரலின் பிழையன்று. ஒரு மனிதனின் களைப்பு. அதனைக் கண்டுபிடித்தவர் உலகின் செல்வம் மிகுந்த கொம்பனிகளுள் ஒன்றான மைக்ரோசொப்ற்றின் ஊழியர் என்பதும் சிந்திக்கத்தக்கது. கண்டவருக்கு ஊதியம் இருந்தது. காத்து வந்தவருக்கு இருக்கவில்லை.

டெபியனின் உழைப்பால் பயனடைவோர் யாவர்? 2004 தொடக்கம் உபுண்டு என்ற புகழ்மிக்க தொகுப்பை வெளியிடும் கனோனிக்கல் கொம்பனி டெபியன் களஞ்சியத்தையே அடியாகக் கொண்டது. கூகிள் தன் ஊழியரின் கணினிகளுக்கும் டெபியனிலிருந்தே தொகுப்பொன்றை ஆக்கிக்கொண்டது. தொழில்களிடையே வேற்றுமை காட்டலாகாது என்ற விதிப்படி இதிற் குற்றமில்லை. கொம்பனிகள் சில தம் ஊழியரின் உழைப்பையும் பணத்தையும் திருப்பி அளிப்பதும் உண்மை. ஆனால் அளிப்பது அவர்தம் விருப்பம், கடமையன்று. பொதுக் கிணற்றில் ஏழை குடம் கொண்டு அள்ளுவதும் செல்வன் குழாய் வைத்து இறைப்பதும் ஒரே உரிமையின் பெயரால் நிகழ்கின்றன. கிணற்றைத் தூர்வாரும் வேலை மாத்திரம் தொண்டர் தலையில் விடப்பட்டுள்ளது.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. 2014 முதல், பழைய பதிப்புக்களை நீண்ட காலம் பேணும் பணிக்கு, பயன்பெறும் நிறுவனங்களிடமிருந்து பணம் திரட்டிப் பராமரிப்பாளருக்கு ஊதியம் வழங்கும் ஏற்பாடு ஒன்று நடைபெற்று வருகிறது. 2006இல் கொந்தளிப்பை விளைத்த காரியம் இங்கே பெரும் பிளவின்றி நடப்பதற்குக் காரணம், ஊதியம் கொடுப்போர்க்கு யாப்பில் தனி வாக்கு எதுவும் இல்லாமையே. உடன்படிக்கையும் மாற்றவியலாத வேதமன்று. 2022 ஒக்ரோபரில், வன்பொருள்களுக்குத் தேவையான சுதந்திரமற்ற சிறு நிரல்களையும் நிறுவு தொகுப்பிற் சேர்ப்பதற்காக உறுப்பினர் வாக்களித்து அதனைத் திருத்தினர். புதிய கணினிகளில் டெபியனை நிறுவவே முடியாது தவித்த சாதாரண மக்களின் தேவை, கொள்கைத் தூய்மையோடு மோதியபோது அவர்கள் எடுத்த முடிவு அது. பயன்படுத்துவோருக்காகத் திருத்தமுடிந்த உடன்படிக்கையை உழைப்போருக்காகவும் திருத்தமுடியும்.

ஆகவே நமது முடிவைச் சுருங்கக் கூறலாம். டெபியன், தனியுடைமையின்றியும் முதலாளியின்றியும் மனிதர் பேரளவில் நுட்பமான காரியத்தைக் கூடிச் செய்யவல்லர் என்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்றாகும். அச்சான்றைப் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் வரலாற்றை அறியாதவர். ஆக்கப்பட்ட பொருளைப் பொதுவாக்கிய அம்முயற்சி, ஆக்குவோரின் வாழ்வைப் பொதுப் பொறுப்பாக்கவில்லை. இதனை மறந்து பாராட்டுரை மாத்திரம் பகர்வோர் அம்முயற்சிக்கு நண்பராகார். களஞ்சியத்திலிருந்து பெரிதும் எடுத்துக்கொள்ளும் அரசுகளும் பல்கலைக்கழகங்களும் கொம்பனிகளும் ஆட்சியிற் பங்கு கேளாது பேணுதற் செலவை ஏற்கவேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெறவேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் அக்கோரிக்கையை எழுப்புவதோடு நின்றுவிடாது, ஒரு வழுவை அறிவித்தல், ஓர் ஆவணத்தை மொழிபெயர்த்தல், கவனிப்பாரற்ற ஒரு பொதியைப் பொறுப்பேற்றல் ஆகிய பணிகளில் தம்மால் இயன்றதைச் செய்யலாம். உடன்படிக்கையின் ஐந்து உறுப்புக்களும் அவற்றைக் காப்பதற்கு ஆட்கள் உள்ளவரையிலேயே உயிருடன் இருக்கும். அந்த ஆட்களின் வாழ்வைப் பற்றிய ஆறாவது உறுப்பு இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுவதே அடுத்த பணி.